துளசி கேட்ட என்சிலாடா

ஏப்ரல் 20, திங்கள்

காலையில் மழை, பிறகு வெயில், பிறகு காற்று. பனி முழுக்கக் கரைந்துவிட்டது. குளிர்காலம் முழுக்க வீதியில் கொட்டிய சரளைக்கல் மட்டும் மிச்சம். எல்லாருடைய சப்பாத்தோடும் வீட்டுக்குள் வருகிறது. நோர்வேயில் நாங்கள் இருக்கிற இந்த ஹவுகன்ஸ்டுவா எங்கும் ஒரே தூசி.

முதியோர் இல்லத்தில் ஏழிலிருந்து மூன்று வரை வேலை. இரண்டாம் மாடிக் கிழவி இன்றைக்கும் என்னைத் தன் மகள் என்று நினைத்து ஏசினா. நானும் மகள் மாதிரியே வாயைப் பொத்திக்கொண்டு தலையை வாரிவிட்டேன்.

குணாவிடமிருந்து ஒன்றும் இல்லை. என் ஒரே தம்பி. பொங்கலுக்கு முதல் கிழமை கதைத்ததுதான் கடைசி. "அக்கா, இடம் மாறுறம். பிறகு எடுக்கிறன்." வன்னியில் தண்ணீர்ப் பம்பு திருத்துகிறவன். பம்பு திருத்துகிறவனை யார் என்ன செய்யப் போகிறார்கள் என்று அப்போது நினைத்தேன். இப்போது செய்தியில் காட்டும் அந்தத் துண்டுக் கடற்கரையில் சனத்தின் தலைகள் மட்டும் தெரிகின்றன. ஒவ்வொரு தலையாகப் பார்க்கிறேன். படம் நிற்காமல் ஓடிவிடுகிறது.

இவர் பஸ் ஓடி முடித்து, சீருடையோடு அப்படியே, போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நிற்கப் போய்விட்டார். மற்றச் சனமும் அங்கேதான்.

துளசிக்கு மே 2 பிறந்தநாள். சனிக்கிழமை. பதின்மூன்று. நான் ஒன்றும் கேட்கவில்லை, அவளே வந்து நின்றாள்.

"அம்மா, எனக்கு என்சிலாடா வேணும்."

"அது என்ன சாமான்?"

"சாப்பாடு. பள்ளிக்கூடத்திலை சமையல் பாடத்திலை செய்தனாங்கள். லெஃப்சேக்குள்ளை கோழி வைச்சுச் சுத்தி, மேலை சிவப்புச் சோஸ் ஊத்தி, சீஸ் போட்டு ஓவனுக்கை வைக்கிறது. நாலு பேரைக் கூப்பிடப் போறன்."

லெஃப்சே என்றால் இங்கே கடையில் பைக்கற்றில் விற்கும் மெல்லிய ரொட்டி. வெள்ளிக்கிழமை வந்தால் இந்த ஊரே அதற்குள் எதையாவது சுற்றித் தின்னும்.

"வீடு இருக்கிற இருப்பிலை பிறந்தநாள் ஒரு கேடோ" என்றேன். அவள் கதவை அடித்துச் சாத்தவில்லை. சத்தமில்லாமல் சாத்தினாள். அடித்திருக்கலாம்.

ஏப்ரல் 22, புதன்

குளிர். வாங்க: பால், உருளைக்கிழங்கு, ஃபோன் கார்ட், இவருக்குப் பிரஷர்க் குளிசை.

குணாவின் இலக்கத்துக்கு அடித்தேன். அந்தப் பதிவுப் பொம்பிளையின் குரல்தான். முதலில் சிங்களம், பிறகு தமிழ், பிறகு ஆங்கிலம். மூன்று பாசையிலும் ஆள் இல்லை.

நேர்த்தி வைத்து மூன்று மாதம். தம்பியின் சேதி வரும்வரை மீன், இறைச்சி என்று மச்சம் தொடுவதில்லை என்று முருகனுக்குச் சொல்லியிருக்கிறேன். இவருக்கும் துளசிக்கும் கோழி, மீன் எல்லாம் சமைப்பேன். உப்புப் பார்ப்பதில்லை. ஒரு நாள் கரிக்கும், ஒரு நாள் சப்பென்று இருக்கும். இருவரும் வாய் திறப்பதில்லை. அது எனக்கு இன்னும் கோபம். ஒரு நாளாவது "உப்பில்லை" என்று சொன்னால் என்ன?

துளசி மூன்று நாளாக என்னோடு ஓம், இல்லை மட்டும்தான்.

ஏப்ரல் 24, வெள்ளி

எழுத்துக் கோணல்.

குணா இருக்கிறான்.

வேலையால் வந்து கதவைத் திறக்கிறேன், துளசி பாணுக்கு மண்ணிறச் சீஸ் சீவிக்கொண்டு நிற்கிறாள். தலையை நிமிர்த்தாமல் சொல்கிறாள்.

"அம்மா, ஒரு அண்ணா ஃபோன் எடுத்தவர். இலங்கையிலை இருந்து. குணா மாமாவோட நிண்டவராம்."

சப்பாத்தைக் கழற்றாமல் குசினிக்குள் போய்விட்டேன்.

"என்ன சொன்னவர்?"

"நூஎ மெ உட்யிஃப்டர். ஓத்தெ."

ஏதோ செலவு விசயமாம். எட்டாம். தமிழில் கேட்டது மறந்துபோய்விடும் என்று, இந்த நாட்டுப் பாசை நொர்ஸ்க்கில் மாற்றி மனதில் வைத்திருக்கிறாள். இங்கே வளர்கிற பிள்ளைகளின் வழக்கம். வாசலால் வருவது தமிழ், அலுமாரியில் அடுக்குவது நொர்ஸ்க்.

"செலவுக்கு எட்டு வேணுமாமோ?"

யோசித்தாள். "ஓம். அப்பிடித்தான்."

"மாமாவுக்கோ?"

"மாமாவின்ர எண்டுதான் சொன்னவர். அங்கை தங்களாலை ஒண்டும் செய்யேலாதாம். எங்களைச் செய்யட்டாம்."

"வேற? பேர் சொன்னவரோ?"

"இல்லை. முதல் அம்மா நிக்கிறாவோ எண்டு கேட்டவர். வேலைக்குப் போட்டா எண்டன். பிறகு கொஞ்ச நேரம் ஒண்டும் சொல்லேல்லை. தடிமன் பிடிச்ச குரல். சொல்லி முடிய லைன் கட் ஆயிட்டுது."

நிலத்தில் இருந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. செலவுக்குக் கேட்கிறான் என்றால் இருக்கிறான். செத்தவனுக்கு ஏது செலவு.

இவர் வந்தவுடன் சொன்னேன். பையை வைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றார்.

"எட்டு எண்டால் எட்டாயிரமோ, எட்டு லட்சமோ?" என்றேன்.

அவர் துளசியைப் பார்த்தார். "அவர் எப்பிடிச் சொன்னவர் பிள்ளை? செலவுக்கு எட்டு எண்டோ, இல்லாட்டி..."

"இல்லாட்டி என்ன?" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். "ஒண்டுமில்லை. திரும்ப எடுத்தால் சொல்லுவினம்."

குளியலறைக்குள் போனார். கனநேரம் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. சந்தோசத்தில் அழுகிறார் என்று விட்டுவிட்டேன். ஆம்பிளைகள் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுவார்கள்.

துளசியிடம் சொன்னேன்: "உன்ர என்சிலாடா செய்வம். நாலு பேர் போதுமோ?" ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். சப்பாத்து அப்போதும் என் காலில்.

ஏப்ரல் 26, ஞாயிறு

வெயில். வெளியே பள்ளிக்கூட வாத்தியக் குழு மே பதினேழு, இந்த நாட்டின் தேசிய தின ஊர்வலத்துக்குப் பழகுகிறது. ஒரு ட்ரம் மற்றவர்களுக்கு முன்னால் ஓடுகிறது.

கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். நேர்த்தி தீர்ந்தது. அங்கே நின்ற எல்லாருக்கும் சொன்னேன், என் தம்பியின் சேதி வந்துவிட்டது என்று. சிலர் கையைப் பிடித்தார்கள். சிலரின் கண்ணில் பொறாமை. நானும் மூன்று மாதமாக மற்றவர்களை அப்படித்தான் பார்த்தேன். கோபிக்க முடியாது.

இவர் வரவில்லை. டியூட்டியாம். இந்த ஞாயிறு டியூட்டி இல்லை என்று குளிர்பெட்டியில் ஒட்டியிருக்கிற தாளே சொல்கிறது. இரண்டு நாளாகச் சவரமும் இல்லை. கேட்டால், "பாராளுமன்றத்துக்கு முன்னாலை நிக்கிறவைக்குத் தாடிதான் அழகு" என்கிறார். ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயதில் அழகு பார்க்கிறார்.

ஃபோன் பக்கத்திலேயே இருக்கிறேன். அந்தப் பெடியன் திரும்ப எடுக்கவில்லை. எடுப்பான்.

ஏப்ரல் 28, செவ்வாய்

மேல்மாடி உமாவிடம் போனேன். சென்னைக்காரி. புருசன் கொம்பியூட்டர் வேலை. இங்கே வருவதற்கு முன்னால் டெக்சாஸில் இரண்டு வருடம் இருந்தவர்கள். என்சிலாடா என்று நான் சொல்லி முடிப்பதற்குள் சிரித்தா.

"பாக்கெட் பொடி எல்லாம் வாங்காதீங்க வதனி. அந்த ஸாஸ வீட்லயே பண்ணலாம், ரொம்ப ஈஸி. காஞ்ச மிளகா இருக்குல்ல?"

"செத்தல் மிளகாயோ? நிறைய இருக்கு."

"செத்த மிளகாயா?" இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. "உங்க ஊர்ல எல்லாத்தையும் சாகடிச்சிருவீங்களா?" சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஸாரிங்க, தப்பா..." என்றா.

நானும் சிரித்தேன். போன கிழமையாக இருந்திருந்தால் எழும்பி வந்திருப்பேன்.

உமா சொன்னபடி:

மிளகாய், விதை எடுத்து வறுத்து, சுடுதண்ணியில் ஊற வைத்து அரைக்க. வடிக்க.
எண்ணெயில் கோதம்பை மா (அவ மைதா என்கிறா), பொன்னிறமாகும்வரை.
உள்ளி (அவவுக்குப் பூண்டு), சின்னச் சீரகத் தூள்.
ஒரேகானோ. மணந்து பார்த்தேன், காய்ந்த கற்பூரவள்ளிதான்.
தக்காளி பேஸ்ட், கோழி அவித்த தண்ணி. கட்டி படாமல் கிண்ட.
கடைசியில் கொஞ்சம் வினாகிரி.

லெஃப்சேயைச் சோஸில் தோய்த்துவிட்டுச் சுற்ற வேண்டுமாம். சுற்றிய பிறகு ஊற்றினால் நடுவில் காய்ந்து கிடக்குமாம். பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லையே என்றேன். "நார்வேக்காரங்க உப்பே போட மாட்டாங்க, அவங்க பேச்ச விடுங்க" என்றா.

ஃபோன் விசயமும் சொன்னேன்.

"எட்டுன்னா எட்டாயிரமா இருக்கும். பாவம், சாப்பாட்டுச் செலவுக்குக் கேக்கறாங்க. அனுப்பிடுங்க."

ஆருக்கு, எங்கே அனுப்புவது? அதுதான் தெரியவில்லை. ஆனால் அது நல்ல கவலை. இந்த வருடத்தில் எனக்கு வந்த முதல் நல்ல கவலை.

மே 1, வெள்ளி

விடுமுறை. இவர் ஊர்வலத்துக்குப் போய்விட்டார். நான் சோஸ் செய்து பார்த்தேன். பிறந்தநாள் அன்றைக்குப் புதிதாக ஒன்றைத் தொடங்கி மானம் போகக் கூடாது.

பதினைந்து மிளகாய் வறுத்தேன். ஊரில் குசினிக்குக் கூரையில் ஓட்டை உண்டு, இங்கே கூரையில் புகை மணிதான். அது கத்தத் தொடங்கியது. துளசி கதிரையில் ஏறித் துவாயால் விசிறினாள். நான் இருமி இருமி யன்னலைத் திறந்தேன். கீழ்வீட்டு நொர்வேஜியன் ஏறி வந்து கதவைத் தட்டி, வாயைத் திறந்து, அவனும் இருமத் தொடங்கி, அப்படியே இறங்கிப் போய்விட்டான். துளசி தரையில் விழுந்து சிரித்தாள். நானும்தான். வயிறு நொந்தது.

ஊற வைத்து, அரைத்து, வடித்து, மா வறுத்துக் கரைத்தேன். முதல் தரம் கட்டி கட்டியாக வந்தது. இரண்டாம் தரம் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கிண்டினேன், வழுவழுப்பாக வந்தது. நல்ல சிவப்பு. விரல் நுனியில் எடுத்து நக்கிப் பார்த்தால் உச்சி வேர்த்தது. யாழ்ப்பாணத்து மிளகாய் டெக்சாஸுக்குச் சரிவராது போல. வெள்ளைப் பிள்ளைகளுக்கு இதைக் கொடுத்தால் அம்புலன்ஸ்தான் வரும்.

துளசி: "குணா மாமா எண்டால் சாப்பிடுவார் என்னம்மா?"

"அவன் இதைக் குடிப்பான்" என்றேன். குணாவுக்கு எதுவும் உறைக்காது. பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு பழஞ்சோறு தின்னுவான், கண்ணீர் வழிய வழிய "உறைக்கேல்லை" என்பான்.

அந்த உறைப்புச் சோஸை ஜாம் போத்தலில் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தேன். நாளைக்கு என்று வேறு செய்தேன், ஆறு மிளகாய், கூடத் தக்காளி, ஒரு தேக்கரண்டி சீனி.

கோழி அவித்துப் பிய்த்து, சுற்றி, சீஸ் தூவி ஓவனில் வைத்து எடுத்தேன். ஒரு துண்டு வாயில் போட்டு உப்புப் பார்த்தேன். மூன்று மாதத்துக்குப் பிறகு கோழி. நாக்குக்கு வெட்கமே இல்லை. நின்ற நிலையில் ஒன்று முழுதாகத் தின்றேன்.

இவர் வந்தார். தட்டில் வைத்துக் கொடுத்தேன். வேண்டாம், வயிறு சரியில்லையாம். சோறும் பருப்பும் போட்டுச் சாப்பிட்டார். நேற்றும் பருப்பு, முந்தநாளும் பருப்பு.

"மனுசி சந்தோசமாய் ஒண்டு செய்தால் உங்களுக்கு வயித்துக்குத்து" என்றேன்.

"நல்ல மணமாய் இருக்கு வதனி. பிள்ளை சாப்பிடட்டும்." அவ்வளவுதான். மீதியையும் அவளுக்கே தள்ளிவிட்டார். கலியாணம் கட்டி இத்தனை வருடமாகியும் இந்த மனிதனோடு ஒரு சண்டையை முழுதாகப் பிடிக்க முடிவதில்லை.

மே 3, ஞாயிறு

நேற்று எழுதவில்லை. இன்றைக்கும் எழுதுவேனா தெரியாது. எழுதுகிறேன்.

மத்தியானம் நாலு பெட்டையளும் வந்தார்கள். வெயில், பல்கனிக் கதவு திறந்து கிடந்தது. பன்னிரண்டு என்சிலாடா, கடகடவென்று போயின. ஒருத்தி உறைக்குமோ என்று பயந்து நுனியைக் கடித்தாள், பிறகு மூன்று தின்றாள். துளசியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெட்டையள் அறைக்குள் போய்ப் பாட்டுப் போட்டார்கள்.

நாலு மணிபோல் மச்சாள் வந்தா. இவருடைய அக்கா, திராமனில் இருக்கிறவ. துளசிக்குக் காப்பு கொண்டு வந்தவ. எங்களுக்கு என்று வைத்திருந்த தட்டை எடுத்துப் பரிமாறினேன். துளசி தன் மாமியின் பக்கத்தில் காப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் அப்போதும் தட்டைத் தொடவில்லை.

மச்சாள் கேட்டா, "அந்தப் பெடியன் பிறகு எடுத்தவனோ?"

"இல்லை மச்சாள். எட்டாயிரமோ லட்சமோ எண்டும் தெரியேல்லை."

"இதென்ன கதை. பிள்ளை, அவன் சொன்னதை அப்பிடியே சொல்லு பாப்பம். நொர்ஸ்க் வேண்டாம். அவன்ரை வாயிலை வந்த மாதிரி."

இவர், "அக்கா, விடுங்கோ. சாப்பாடு ஆறுது" என்றார். கொஞ்சம் உரத்து.

துளசி கண்ணை மூடினாள். பள்ளிக்கூடத்தில் பாட்டு மனனம் செய்கிற பிள்ளை, காதில் விழுந்தது எங்கேயோ இருக்கும். தேடி எடுத்தாள். அந்தப் பெடியனின் இழுவையோடு சொன்னாள்.

"தங்கச்சி, அம்மா வந்தால் சொல்லுங்கோ. மாமாவின்ர எட்டுச் செலவை அங்கை செய்யட்டாம். இஞ்சை எங்களாலை ஒண்டும் ஏலாது."

எட்டுச் செலவு.

எங்கள் ஊரில் செத்தவருக்கு எட்டாம் நாள் செய்கிற கடமை. அவருக்குப் பிடித்ததை எல்லாம் சமைத்து, மச்சமும் சேர்த்து, இலையில் படைப்பார்கள். நான் பிறந்ததிலிருந்து கேட்ட சொல். என் அப்புவுக்குச் செய்தபோது தேங்காய் துருவியதே நான்தான். சின்னப் பிள்ளையிடம் செத்துப்போனார் என்று சொல்ல அந்தப் பெடியனுக்கு வாய் வரவில்லை. பெரியவர்களுக்கு விளங்கட்டும் என்று இந்தச் சொல்லைக் கொடுத்துவிட்டிருக்கிறான். அது நொர்ஸ்க்குக்குள் போய் இரண்டாக உடைந்தது. செலவு ஒரு பக்கம், எட்டு ஒரு பக்கம். திரும்ப ஒட்டியது நான். செலவுக்கு எட்டு வேணுமாமோ என்று பிள்ளையின் வாயில் போட்டதும் நான். கேட்க விருப்பமானதைக் கேட்டேன்.

தடிமன் பிடித்த குரல். அழுதிருக்கிறான்.

மச்சாள் முள்ளுக்கரண்டியைத் தட்டில் வைத்தா. இவரின் தாடியைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. எனக்கு வாய்க்குள் ஒரு கடி கோழி. துப்ப முடியவில்லை, பெட்டையள் கேக்குக்கு என்று அறையைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்கள். விழுங்கினேன்.

மெழுகுதிரி கொளுத்தினேன். எல்லாரும் பாடினார்கள். நானும் பாடினேன். பதின்மூன்று திரியையும் ஒரே ஊதில் அணைத்தாள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டு. அவளுக்கு ஏதோ விளங்கியிருந்தது, என்ன என்றுதான் தெரியவில்லை. பெட்டையள் போகும்வரை நானும் மச்சாளும் கேக் வெட்டிக் கொடுத்துக்கொண்டு நின்றோம்.

அவர்கள் போனதும் துளசி கேட்டாள். "அம்மா, நான் பிழையாச் சொல்லிட்டனா?"

"நீ சொன்னது சரி. நான் கேட்டதுதான் பிழை."

"செலவு எண்டால் உட்யிஃப்டர் இல்லையா?"

"அதுவும்தான்."

பிறகு மச்சாள் அவளை மடியில் இழுத்துச் சொல்லிக் கொடுத்தா. நான் குசினியில் நின்றேன். பிள்ளை அழுத சத்தம் பிள்ளையின் சத்தம் மாதிரி இல்லை.

மே 4, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. மழை.

இவரிடம் கேட்டேன். "எப்ப தெரியும் உங்களுக்கு?"

"நிச்சயமாத் தெரியாது. அண்டைக்கே ஒரு சந்தேகம்."

"சொல்லியிருக்கலாமே."

"நீர் குசினி நிலத்திலை இருந்து சிரிச்சனீர் வதனி. மூண்டு மாதத்துக்குப் பிறகு. பிழையா இருந்தாலும் இருக்கட்டும் எண்டு விட்டன். அந்தப் பெடியன் திரும்ப எடுத்து, நான் நினைச்சது பொய்யெண்டு சொல்லமாட்டானோ எண்டும் பார்த்துக்கொண்டிருந்தன்."

கத்தினேன். என்னைக் கோயிலுக்குப் போக விட்டீர்கள். தேங்காய் உடைக்க விட்டீர்கள். என் தம்பி அங்கே மண்ணுக்குள்ளோ மண்ணுக்கு மேலோ கிடக்க, என்னை நின்ற நிலையில் கோழி தின்ன விட்டீர்கள். கையில் கிடைத்ததை எறிந்தேன். ஒரேகானோப் போத்தல். உடையவில்லை, உருண்டு அவரின் காலடிக்குப் போனது. எடுத்து மேசையில் வைத்தார்.

திராமனுக்குப் போகாமல் எங்களோடு நின்ற மச்சாள் நடுவில் வந்து, "கட்டிக் குடுத்த பொம்பிளைக்கு மூண்டு நாள் துடக்குத்தான் வதனி. இவனுக்கு அதுவும் இல்லை. நீ மனதைப் போட்டு உழப்பாதை" என்றா.

அப்போதுதான் தலைக்குள் போனது. சவரம் இல்லை, கோயில் இல்லை, பத்து நாளாகப் பருப்பு. செத்த வீட்டுத் தீட்டுக் காத்திருக்கிறார்.

"உங்களுக்குத் துடக்கில்லையே. பிறகேன் காத்தனீங்கள்?"

"நீர் காக்கேல்லை" என்றார். "ஆராவது ஒருத்தர் காக்க வேணுமெல்லோ. அவனுக்கு வேற ஆர் இருக்கினம்."

மேசையில் இருந்த போத்தலை எடுத்து அலுமாரியில் வைத்தேன்.

மே 5, செவ்வாய்

காய்ந்த காற்று. வேலை. கிழவி ஏசினா. நான் அழுதேன். கிழவி பயந்து போய், "சரி, சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தா. பாவம். அவவின் மகள் என்ன செய்தாவோ.

ஐயரிடம் இவர் கேட்டு வந்தார். செத்த நாள் தெரியாவிட்டால் சேதி கேட்ட நாளிலிருந்து எண்ணலாமாம்.

எந்தக் காது கேட்ட நாள்? துளசியின் காதா, என்னுடையதா? துளசி கேட்ட வெள்ளிக்கிழமையிலிருந்து எண்ணினால் எட்டாம் நாள் மே 1. புகை மணி கத்திய அன்று. நான் சிரித்துச் சிரித்து மிளகாய் வறுத்த அன்று.

"உம்மடை காதுதான் கணக்கு" என்றார் இவர். "சனிக்கிழமையிலை இருந்து எண்ணுவம்."

குணாவின் படம் ஒன்று தேடினேன். கிடைத்ததெல்லாம் என் கலியாணத்தில் எடுத்தது. பாதி முகம், யாரோ ஒருத்தியின் தலைக்குப் பின்னால். வாயில் எதையோ மென்றுகொண்டு.

மே 7, வியாழன்

உமா வந்தா. கதவடியில் நின்றபடி, "எட்டாயிரம்னு நான்தான் சொன்னேன்" என்று அழுதா. "எங்க ஊர்ல காரியம்னு சொல்லுவோம். இந்த வார்த்தையே கேள்விப்பட்டதில்ல வதனி."

"எனக்குத் தெரிஞ்ச சொல்தான் உமா" என்றேன்.

தேத்தண்ணி குடிக்கவில்லை. செத்த வீட்டில் குடிக்கலாமா கூடாதா என்று அவவுக்கும் தெரியவில்லை, எனக்கும் வற்புறுத்த மனமில்லை.

துளசி பள்ளிக்கூடத்துக்கு வெறும் பாண் கொண்டு போகிறாள். சலாமி வேண்டாமாம். நான் சொல்லவில்லை. ஃபோன் அடித்தால் எழும்பி வேறு அறைக்குப் போய்விடுகிறாள்.

வாங்க: வாழையிலை (உறைந்தது, தமிழ்க் கடை), கணவாய், கத்தரிக்காய், முட்டை, தேங்காய்.

மே 9, சனி

முகில். மச்சாள் காலையிலேயே வந்துவிட்டா.

சோறு. கணவாய்க் கறி. கத்தரிக்காய்ப் பொரியல். அவித்த முட்டை. வடை மச்சாள் சுட்டா. நான் பழக்கத்தில் கணவாய்க் குழம்பை உள்ளங்கையில் விட்டுப் பார்க்கப் போனேன். மச்சாள் கையைப் பிடித்தா. "படையலுக்கு உப்புப் பார்க்கிறதில்லை. செத்த ஆள்தான் முதல் பார்க்க வேணும்." தெரியும். மறந்துவிட்டேன்.

இவர் படத்துக்கு முன்னால் இலையைப் போட்டார். அரை முகப் படம். வெளியே வாத்தியக் குழு பழகுகிறது, அந்த ட்ரம் இப்போது மற்றவர்களோடு சேர்ந்துவிட்டது. ஒவ்வொன்றாக இலையில் வைத்தேன்.

துளசி குளிர்பெட்டியைத் திறந்தாள். கடைசியாக மிஞ்சிய ஒரு என்சிலாடாவை, தாளில் சுற்றி உறைய வைத்திருந்தேன். எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, மாமாவுக்கு இதையும் வைப்பமா? அவர் சாப்பிட்டிருக்க மாட்டார்."

மச்சாள், "உந்தச் சாமானையோ?" என்று தொடங்கி, பிள்ளையின் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டா. இவர் என்னைப் பார்த்தார்.

"வை" என்றேன்.

"இது உறைக்காதம்மா. நோர்வேக்காரருக்குச் செய்தது." திரும்பப் போய் ஜாம் போத்தலைக் கொண்டு வந்தாள். முதலில் செய்த உறைப்புச் சோஸ். பதினைந்து மிளகாய்.

என்சிலாடாவை ஓவனில் வைத்தேன். சோஸைச் சின்னச் சட்டியில் ஊற்றிச் சூடாக்கினேன். கொதித்து வரும்போது கண் எரிந்தது. இலையில் ஓரமாக வைத்து, மேலே ஊற்றினேன். உப்புப் பார்க்கவில்லை.